726 கடிதம், 26 பதில்: கூட நிற்பது என்றால் என்ன?

இன்னைக்கு நாலு எண்ணோட ஆரம்பிக்கிறேன். 726. 26. 11. 5.

வருடம் 1956. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரத்தில் செப்டிமா பாயின்செட் கிளார்க் என்று ஒரு ஆசிரியை. கறுப்பினப் பெண், 58 வயது, 40 வருட சர்வீஸ். அவர் தன் மாநிலத்துக் கறுப்பின ஆசிரியர்களுக்கு 726 கடிதங்களைக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். விஷயம் ஒன்றுதான்: நம் வேலையைப் பறிக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது, எல்லாரும் சேர்ந்து எதிர்ப்பு தெரிவிப்போம்.

பதில் போட்டவர்கள் 26 பேர். நேரில் போய் கல்வித்துறை சூப்பரின்டென்டன்டைப் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டவர்கள் 11 பேர். சொன்ன நாளில் வந்து நின்றவர்கள், கிளார்க்கையும் சேர்த்து, 5 பேர்.

அந்தச் சட்டம் என்னன்னு சொல்லிடறேன். என்.ஏ.ஏ.சி.பி. என்பது 1909-ல் தொடங்கிய, கறுப்பின மக்களின் உரிமைக்காக நீதிமன்றங்களில் வழக்காடிய பெரிய அமைப்பு. 1954 மே 17-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'பிரவுன்' வழக்கில், இனம் பிரித்துப் பள்ளி நடத்தக் கூடாது என்று தீர்ப்பு சொன்னதே, அந்த வழக்கை நடத்தியது இந்த அமைப்புதான். அந்தக் கோபத்தில் தென் கரோலினா அரசு, என்.ஏ.ஏ.சி.பி. உறுப்பினராக இருக்கும் யாருக்கும் அரசு வேலை கிடையாது என்று சட்டம் போட்டது. அரசு வேலையில் படித்த கறுப்பினத்தவர் என்றால் பெரும்பாலும் டீச்சர்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள். யாரைக் குறிவைத்த சட்டம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கிளார்க் சார்ல்ஸ்டன் கிளையில் துணைத் தலைவர். உறுப்பினர் என்பதை மறைக்க மாட்டேன் என்றார். வேலை போனது. பென்ஷனும் போனது.

இதற்கு அடுத்து நடந்ததுதான் என்னை ரொம்ப நாள் விடாமல் துரத்தின விஷயம். அவர் உறுப்பினராக இருந்த கறுப்பினப் பட்டதாரிப் பெண்கள் சங்கம் ஒன்று அவருக்குப் பாராட்டு விழா நடத்தியது. வந்தார்கள், வாழ்த்தினார்கள், கட்டிப்பிடித்தார்கள். ஆனால் அவர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள மட்டும் ஆள் இல்லை. அந்தப் போட்டோ பேப்பரில் வந்தால், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டிய தங்கள் வேலை ஒப்பந்தம் என்ன ஆகும் என்ற பயம்.

அவங்களைக் கோழைன்னு சொல்லிட்டுப் போறது ஈஸி. நான் சொல்ல மாட்டேன். அந்த டீச்சர் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது, தம்பி காலேஜ் போகிறான், அம்மாவுக்கு மருந்து வருகிறது. அந்த ஊரில் படித்த கறுப்பினப் பெண்ணுக்கு வேறு என்ன வேலை? வெள்ளையர் வீட்டில் சமையல், துணி துவைப்பது. அன்புக்குக் குறையே இல்லை. ஆனா அன்பு வேற, ஏற்பாடு வேற. நம்ம ஆபீஸ் க்ரூப்ல யாருக்காவது அநியாயம் நடந்தா, க்ரூப்ல மௌனமா இருந்துட்டு தனி மெசேஜ்ல ஹார்ட் அனுப்புறோமே, அந்த ஹார்ட் பொய் இல்லை. ஆனால் எச்.ஆர். ரூமுக்குள்ள அது கூட வராது.

கூட வரக்கூடிய ஆதரவு எப்படி உருவாகிறது என்பதுதான் இன்றைய கேள்வி. இதற்குக் கறுப்பினப் பெண் ஆசிரியர்களின் வரலாற்றை எடுத்ததுக்குக் காரணம், அவர்கள் அளவுக்கு இதை எல்லா விதத்திலும் செய்து பார்த்தவர்கள் குறைவு. தோற்றதும் ஜெயித்ததும் ரெண்டுமே பதிவாகியிருக்கு.

கொஞ்சம் பின்னால் போகலாம். கிளார்க்கின் அப்பா அடிமையாகப் பிறந்தவர். அந்தப் பண்ணையின் முதலாளி ஜோயல் பாயின்செட். கிறிஸ்துமஸ் நேரத்தில் கடைகளில் சிவப்பு இலையோடு வைப்பாங்களே, பாயின்செட்டியா செடி, அதுக்குப் பேர் வந்தது இந்த ஆள் பேரில்தான். அம்மா சிறு வயதில் ஹைதியில் வளர்ந்தவர், துணி வெளுத்துப் பிழைத்தார், ஆனால் யார் வீட்டிலும் வேலைக்காரியாக இருந்ததில்லை என்று கடைசி வரை பெருமையாகச் சொன்னவர்.

1916-ல் கிளார்க்குக்கு 18 வயது. டீச்சர் தகுதி இருக்கிறது, ஆனால் சார்ல்ஸ்டன் நகராட்சிப் பள்ளிகளில் கறுப்பினத்தவரை டீச்சராக எடுக்க மாட்டார்கள். கறுப்பினக் குழந்தைகள் படிக்கும் பள்ளியிலும் வெள்ளை டீச்சர்தான். அதனால் படகேறி ஜான்ஸ் தீவுக்குப் போனார். அங்கே 132 பிள்ளைகளுக்கு இரண்டே டீச்சர். இவருக்குச் சம்பளம் 35 டாலர், இன்னொருவருக்கு 25. எதிரில் வெள்ளையர் பள்ளியில் மூன்று பிள்ளைகள். அங்கிருந்த டீச்சருக்கு 85 டாலர்.

மூன்று பிள்ளைகள்! சரி, விடுங்க.

1919-ல் சார்ல்ஸ்டனுக்குத் திரும்பி வந்ததும் அவர் செய்த முதல் பொது வேலை, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியது. கறுப்பினப் பள்ளிகளில் கறுப்பின டீச்சர் வேண்டும் என்ற மனு. 'இதைக் கேட்பது படித்த, வசதியான சிலர்தான், சமையல்காரிக்கும் சலவைக்காரிக்கும் இதில் அக்கறை இல்லை' என்று எதிர்த்தரப்பில் பேச்சு வந்தது. இவர்கள் நேராகச் சமையல்காரப் பெண்களிடமும் சலவைக்காரப் பெண்களிடமும் போனார்கள். ஆயிரக்கணக்கில் கையெழுத்து வந்தது. 1920-ல் கதவு திறந்தது. டீச்சர்களின் கோரிக்கையைத் தாங்கிப் பிடித்தது டீச்சர்கள் மட்டும் இல்லை, அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களும்தான்.

அடுத்து, வேறு மாநிலம். வர்ஜீனியாவில் நார்ஃபோக் நகரம், 1939. சம்பள வித்தியாசத்தை எதிர்த்து வழக்கு. அந்த வழக்கின் தீர்ப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது, அதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கேன். உயர்நிலைப் பள்ளியில் புதிதாகச் சேரும் டீச்சருக்கு வருடச் சம்பளம் இவ்வளவு: வெள்ளை ஆணுக்கு 1,200 டாலர். வெள்ளைப் பெண்ணுக்கு 970. கறுப்பின ஆணுக்கு 784 டாலர் 50 சென்ட். கறுப்பினப் பெண்ணுக்கு 699.

ஒரே வேலை, நான்கு படி. கடைசிப் படியில் நிற்பவளுக்கு மேலே இரண்டு கூரை. இனத்துக்காகப் பேசும் சங்கத்தில் இவள் பெண், பெண்களுக்காகப் பேசும் சங்கத்தில் இவள் கறுப்பி. 'கறுப்பினப் பெண் ஆசிரியர்களுக்குன்னு தனியா ஏன் ஒரு வட்டம்?' என்று கேட்பவர்களுக்கு நான் இந்த நாலு எண்ணைத்தான் காட்டுவேன்.

வழக்குப் போட முன்வந்தவர் ஆலின் பிளாக், வேதியியல் டீச்சர். அவருக்குப் பின்னால் என்.ஏ.ஏ.சி.பி. வக்கீல்கள், அதில் ஒருவர் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷல். நகர நிர்வாகம் சுலபமான வழியைப் பிடித்தது. அடுத்த வருஷத்துக்கு ஆலின் பிளாக்கின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நீங்க இப்ப எங்க டீச்சரே இல்லை, அப்புறம் என்ன வழக்கு? முடிந்தது கதை என்று நினைத்தார்கள்.

முடியலை. கறுப்பினப் பிள்ளைகள் கையில் தட்டிகளோடு தெருவில் ஊர்வலம் போனார்கள். வர்ஜீனியாவின் கறுப்பின ஆசிரியர் சங்கம், இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்து, வழக்குப் போடுபவர் வேலை இழந்தால் ஈடுகட்டுவதற்கு முன்னாடியே பணம் ஒதுக்கி வைத்திருந்தது. அதைவிட முக்கியம், அடுத்த ஆள் தயாராக இருந்தார். அதே பள்ளியின் ஆசிரியர், உள்ளூர் சங்கத்தின் தலைவர் மெல்வின் ஆல்ஸ்டன், அவர் பெயரில் அடுத்த வழக்கு. 1940-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. 1941-ல் ஆலின் பிளாக்குக்கும் வேலை திரும்பக் கிடைத்தது.

இதுக்கும் சார்ல்ஸ்டனுக்கும் என்ன வித்தியாசம்? நார்ஃபோக் டீச்சர்கள் அதிகத் துணிச்சல்காரர்கள் என்று நான் நம்பவில்லை. 'எனக்கு என்ன ஆகும்?' என்று ஒருவர் கேட்டால், அங்கே கொடுக்க ஒரு பதில் இருந்தது. இவ்வளவு பணம் இருக்கு, இந்த வக்கீல் இருக்கார், உனக்கு அடுத்து இந்த ஆள் வருவார். தபாலில் வரும் கடிதத்துக்குள் அந்தப் பதில் இருக்காது.

இன்னொரு வித்தியாசத்தையும் பார்க்கணும். கிளார்க் கடிதம் அனுப்பிய அதே 1956, அதே தென் கரோலினா, எல்லோரீ என்று ஒரு சின்ன ஊர். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளியில் அடுத்த வருட வேலைக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். நீ என்.ஏ.ஏ.சி.பி. உறுப்பினரா, பள்ளிகளில் இனம் கலப்பதை ஆதரிக்கிறாயா என்றெல்லாம் கேள்வி. மொத்தம் 24 ஆசிரியர்கள். அதில் 21 பேர் பதில் எழுத மறுத்தார்கள். பெரும்பாலோர் பெண்கள்.

மாநிலம் முழுக்க 726 கடிதத்துக்கு 5 பேர். ஒரு பள்ளியில் 24-க்கு 21. ரெண்டு இடத்திலும் பயம் ஒண்ணுதான், சட்டமும் ஒண்ணுதான். ஆனால் எல்லோரீயில் அவர்கள் தினமும் ஒரே வராண்டாவில் நடப்பவர்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் என்ன செய்யப் போகிறாள் என்று இவளுக்குத் தெரியும், இவள் என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கும் தெரியும். கடிதம் கிடைத்த 726 பேரும் தனித்தனி வீட்டில் உட்கார்ந்து, நான் ஒருத்திதான் மாட்டிக்கொள்வேனோ என்று யோசித்தவர்கள்.

எல்லோரீ கதையை வெற்றிக் கதையாக மாற்றவும் எனக்கு மனசில்லை. 21 பேருக்கும் வேலை போனது. வழக்கு மேலே உச்ச நீதிமன்றம் வரை போகும் நேரத்தில் அரசு அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு, எந்தெந்தச் சங்கத்தில் இருக்கிறாய் என்று எழுதிக் கொடு என்று வேறொன்றைக் கொண்டுவந்தது. பழைய சட்டமே இல்லை என்பதால் வழக்கும் அந்தரத்தில் முடிந்தது. 21 பேர் சேர்ந்து நின்றால் மனசு உடையாது, சரி. மாசம் பொறந்தா வாடகைக்கு? அதற்கு வெளியிலிருந்து பணமும் வேலையும் வரணும். நெருக்கம் மட்டும் போதாது, நிதி மட்டும் போதாது என்று இந்த மூன்று ஊர்களையும் பக்கத்தில் வைத்தால் தெரியும்.

கிளார்க்குக்கு வருவோம். அந்த 726 கடிதங்களைத் தன் வாழ்க்கையின் தோல்விகளில் ஒன்று என்று அவரே பின்னால் சொன்னார். மற்றவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் தயாராகாத ஒன்றுக்குத் தான் தள்ளப் பார்த்ததாகவும், இனி முதலில் பயிற்சி, அப்புறம்தான் போராட்டம் என்று முடிவெடுத்ததாகவும் சொன்னார். இந்த முடிவுதான் அமெரிக்க வரலாற்றையே கொஞ்சம் திருப்பியது என்று நான் நினைக்கிறேன்.

வேலை போன பிறகு அவர் முழுநேரமாகப் போய்ச் சேர்ந்த இடம் டென்னசி மலைப்பகுதியில் இருந்த ஹைலேண்டர் பள்ளி. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே கூரையின் கீழ் தங்கிப் பேசக்கூடிய, அந்தக் காலத்துத் தெற்கில் அபூர்வமான இடம். 1955 கோடையில் அங்கே கிளார்க் நடத்திய பயிலரங்குக்கு மான்ட்கோமரியிலிருந்து அமைதியான ஒரு தையல்காரப் பெண் வந்திருந்தார். ரோசா பார்க்ஸ். அந்த வருடம் டிசம்பர் 1-ம் தேதி பேருந்தில் எழுந்திருக்க மறுத்தாரே, அவரேதான். ஏதோ கால் வலித்ததால் உட்கார்ந்துவிட்டார் என்பது போலச் சொல்லப்படும் கதைக்குப் பின்னால் பல வருடச் சங்க வேலையும் இப்படி ஒரு பயிற்சியும் இருக்கிறது.

1957 ஜனவரியில், 40 வருடம் முன்பு தான் படகேறிப் போன அதே ஜான்ஸ் தீவில், முதல் குடியுரிமைப் பள்ளி. தென் கரோலினாவில் வாக்காளராகப் பதிவு செய்ய, மாநில அரசியல் சாசனத்தில் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும். படிக்க வாய்ப்பே கொடுக்காமல், படிக்கத் தெரியலைன்னு ஓட்டை மறுக்கிற வித்தை. அதனால் பெரியவர்களுக்கு ராத்திரி வகுப்பு. முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் வகுப்பறை. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது கடை.

முதல் டீச்சர் யார் தெரியுமா? டீச்சரே இல்லை. கிளார்க்கின் உறவுக்காரப் பெண் பெர்னிஸ் ராபின்சன், பியூட்டி பார்லர் வைத்திருந்தவர். நான் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை என்று தயங்கியவரை இவர்கள் விடவில்லை. அதில் ஒரு கணக்கு இருந்தது. பள்ளி டீச்சரைத் தேர்ந்தெடுத்தால் மறுநாளே வேலையை விட்டுத் தூக்கலாம். பார்லர்காரியை யார் தூக்க முடியும்? வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் கறுப்பினப் பெண்கள். வெள்ளை முதலாளி என்று ஒருவன் கிடையாது. 1956-ல் வேலை பறிபோன அனுபவத்திலிருந்து வந்த கணக்கு அது.

ராபின்சன் முதல் நாள் பாடப்புத்தகத்தைத் திறக்காமல், உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். பேர் எழுதணும். மணி ஆர்டர் படிவம் நிரப்பணும். பைபிள் படிக்கணும். ஓட்டுப் போடணும். வகுப்பில் 14 பேர். அங்கிருந்து அது தெற்கு முழுக்கப் பரவியது. 1961-ல் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு அந்தத் திட்டத்தை எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள் டீச்சர்களாகப் பயிற்சி பெற்றார்கள்.

கிங்கின் அமைப்புக்குள்ளும் கிளார்க்குக்குச் சுகமாக இல்லை. நிர்வாகக் குழுவில் இந்தப் பெண் ஏன் இருக்கிறார் என்று ஒரு பெரிய தலைவரே வெளிப்படையாகக் கேட்டார். எல்லா ஊர்வலத்துக்கும் கிங் ஒருவரே தலைமை தாங்க வேண்டாம், ஊருக்கு ஊர் ஆட்களை வளர்க்கலாம் என்று கிளார்க் கடிதம் எழுதினார். அதை வாசித்தபோது அலுவலகத்தில் சிரித்தார்களாம். இதைப் பற்றி நான் அதிகம் பேசலை, மீட்டிங்ல உட்கார்ந்த எந்தப் பொண்ணுக்கும் விளக்கம் தேவையில்லை.

இப்போ, பிரவுன் தீர்ப்புக்கு வருவோம். நல்ல தீர்ப்பு, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டு பள்ளியை ஒன்றாக்கும்போது எந்தப் பள்ளியை மூடுவது? பெரும்பாலும் கறுப்பினப் பள்ளியை. அங்கிருந்த டீச்சர்கள்? மிசௌரி மாநிலத்தில் மோபர்லி என்ற ஊரில் 1955-ல் கறுப்பினப் பள்ளி மூடியபோது, அதிலிருந்த 11 கறுப்பின ஆசிரியர்களில் ஒருவருக்கும் புதிய ஏற்பாட்டில் இடமில்லை. நவோமி பிரூக்ஸ் என்ற டீச்சரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். 1954-க்குப் பிந்தைய பத்துப் பதினோரு வருடத்தில் 17 மாநிலங்களில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பிந்தைய ஆய்வுகள் எண்ணிக்கை அதைவிடப் பெரிது என்கின்றன.

அவர்கள் இழந்தது வேலையை மட்டும் இல்லை. கறுப்பின ஆசிரியர்களுக்கென்று மாநிலத்துக்கு மாநிலம் சொந்தச் சங்கங்கள் இருந்தன. நார்ஃபோக்கில் பணம் ஒதுக்கியது அப்படி ஒரு சங்கம்தான். ஜார்ஜியாவில் அப்படிப்பட்ட சங்கம் எவ்வளவு மறைவாக, தனி ஆள் பெயர் வெளியே வராதபடி, உரிமை வழக்குகளுக்குப் பின்னால் நின்றது என்று வனெசா சிடில் வாக்கர் 2018-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். 1966-ல் தேசிய அளவில் கறுப்பின ஆசிரியர் சங்கம் பெரிய பொதுச் சங்கத்தோடு இணைந்தது. மாநிலச் சங்கங்களும் அடுத்தடுத்து இணைந்தன. சமத்துவம்தான், வேண்டியதுதான். ஆனால் 'எனக்கு என்ன ஆகும்?' என்று கேட்டால் பதில் சொல்ல இருந்த அந்தத் தனி அறை பூட்டப்பட்டுவிட்டது.

அதன் விளைவு இன்னைக்கும் ஓடுது. அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களில் கறுப்பினத்தவர் 6, 7 சதவீதம்தான். மாணவர்களில் 15 சதவீதம். அதாவது பல பள்ளிகளில் ஒரே ஒரு கறுப்பின டீச்சர். அந்த ஒருவர் கணக்கு டீச்சராக இருக்கலாம், ஆனால் கறுப்பினப் பையன் எந்த வகுப்பில் பிரச்சினை செய்தாலும் இவரிடம் அனுப்புவார்கள். பெற்றோரைச் சமாதானப்படுத்த இவர். இனப் பிரச்சினை பற்றிய எல்லாக் கமிட்டியிலும் இவர். இதற்குச் சம்பளம் கிடையாது, பதவி உயர்வும் கிடையாது. ஒபாமா ஆட்சியில் கல்வி அமைச்சராக இருந்த ஜான் கிங் 2016-ல் இதைக் கண்ணுக்குத் தெரியாத வரி என்றார். பெண்ணாக இருந்தால் வரி கூடும், எல்லாப் பிள்ளைக்கும் அம்மாவாகவும் இருக்கணும், அதையே சலித்துக்கொண்டால் கோபக்காரி என்ற பெயரும் வரும்.

இத்தனைக்கும் அவர்கள் இருப்பதால் என்ன நடக்கிறது என்பது தெரியாத விஷயம் இல்லை. மூன்றாம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின டீச்சரிடமாவது படித்த கறுப்பினப் பிள்ளைகள் கல்லூரியில் சேரும் வாய்ப்பு 13 சதவீதம் அதிகம் என்று பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்தப் பின்னணியில்தான் இப்போது பல நகரங்களில் கறுப்பினப் பெண் ஆசிரியர்கள் தங்களுக்கென்று வட்டங்கள் வைத்துச் சந்திக்கிறார்கள். மாதம் ஒரு முறை, யாராவது வீட்டிலோ சர்ச் ஹாலிலோ. புதிதாகச் சேர்ந்தவளுக்கு ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது, பிரின்சிபால் சொன்னதை அன்றைக்கே தேதி போட்டு ஏன் எழுதி வைக்க வேண்டும் என்று சீனியர் சொல்லிக் கொடுப்பது. இதை நான் லேசாக எடுக்க மாட்டேன், எல்லோரீயின் வராண்டா அதுதான். ஒரே பள்ளியில் 24 பேர் இல்லாத காலத்தில் அந்த வராண்டாவை ஊருக்கு நடுவில் கட்ட வேண்டியிருக்கிறது. என் சந்தேகமெல்லாம், மனசு விட்டு அழும் இடமாக மட்டும் அது நின்றுவிடுமோ என்பது. பள்ளி நிர்வாகங்களே சில இடங்களில் அப்படி வட்டங்களை நடத்துகின்றன. பிரச்சினை யாரால் வருகிறதோ அவரே காபியும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தால், பேச்சு எவ்வளவு தூரம் போகும்?

வட்டமே கலைந்து போனால் என்ன ஆகும் என்பதற்கு நியூ ஆர்லியன்ஸ் சாட்சி. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல். அதன்பின் 7,000-க்கும் மேற்பட்ட பள்ளி ஊழியர்களை மொத்தமாக நீக்கினார்கள். ஆசிரியர்களில் 71 சதவீதம் கறுப்பினத்தவர், பெரும்பாலோர் பெண்கள், நகரத்தின் நடுத்தர வர்க்கத்துக்கே முதுகெலும்பு. நீக்கக் கடிதங்கள் வெள்ளத்தில் அழிந்த வீட்டு முகவரிகளுக்குப் போயின. டீச்சர்கள் வெளியூர்களில், உறவினர் வீடுகளில், முகாம்களில் சிதறிக் கிடந்தார்கள். கூடிப் பேசவே ஊர் இல்லை. வழக்கு பத்து வருடம் நடந்தது, கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்து லூசியானா உச்ச நீதிமன்றத்தில் தோற்றது, 2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் எடுக்க மறுத்தது. 2014-க்குள் கறுப்பின ஆசிரியர் விகிதம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

எதிர்ப்பக்கம் சிகாகோ. 2008-ல் சில டீச்சர்கள் சேர்ந்து புத்தகம் படித்து விவாதிக்கும் ஒரு சின்ன வட்டம். அதில் ஒருவர் கேரன் லூயிஸ், கறுப்பினப் பெண். ஆலின் பிளாக் மாதிரியே வேதியியல் டீச்சர்! அந்த வட்டம் பள்ளிகள் மூடப்படும் பகுதிகளுக்குப் போய்ப் பெற்றோர்களோடு உட்கார்ந்தது. 2010-ல் சங்கத் தேர்தலில் நின்று ஜெயித்தது, லூயிஸ் தலைவர். 2012-ல் வேலைநிறுத்தம் செய்ய உறுப்பினர்களில் 75 சதவீதம் சம்மதிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது, நடக்காத காரியம் என்று நினைத்துப் போட்ட சட்டம். இவர்கள் உடனே ஓட்டுக்குப் போகவில்லை. முதலில் பள்ளி பள்ளியாக ஒத்திகை வாக்கெடுப்பு. எங்கே பலம், எங்கே பயம் என்று பார்த்து, பயம் இருந்த இடத்தில் போய்ப் பேசினார்கள். உண்மையான வாக்கெடுப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் சரி என்றது. அந்த செப்டம்பரில் ஏழு பள்ளி நாட்கள் நகரமே சிவப்புச் சட்டையில் நின்றது.

அடுத்த வருடமே சிகாகோ நிர்வாகம் சுமார் 50 பள்ளிகளை மூடியது, அதிகமும் கறுப்பினப் பகுதிகளில். அதையும் சொல்லித்தான் ஆகணும். ஆனால் மோபர்லி போல, நியூ ஆர்லியன்ஸ் போல, கதை அங்கே நிற்கவில்லை. பள்ளிகளைச் சீரமைக்கிறோம் என்று சொல்லிக் கறுப்பின ஆசிரியர்களை அளவுக்கு மீறி நீக்கினார்கள் என்ற வழக்கைச் சங்கம் கையில் வைத்திருந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாக வக்கீல் தேடவில்லை. 2021-ன் இறுதியில் 92.5 லட்சம் டாலருக்கு அது தீர்ந்தது. அதற்கு சில மாதங்கள் முன், பிப்ரவரியில், லூயிஸ் மூளைப் புற்றுநோயால் இறந்திருந்தார்.

செப்டிமா கிளார்க்கின் பென்ஷன் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. 1976-ல், 20 வருடம் கழித்து, தென் கரோலினா கவர்னர் அதைத் திருப்பிக் கொடுத்தார். அப்போது கிளார்க்குக்கு 78 வயது. அதே காலகட்டத்தில் சார்ல்ஸ்டன் பள்ளிக் குழுத் தேர்தலில் நின்று ஜெயித்து, தன்னை வேலையை விட்டு நீக்கிய ஊரின் பள்ளிகளுக்கு யாரை நியமிப்பது, எவ்வளவு சம்பளம் என்று பேசும் கூட்டங்களில் போய் உட்கார்ந்தார்.

உங்க வேலை இடத்தில் இப்படி ஒரு வட்டம் இருக்கா, அதில் பணம் இருக்கா, அடுத்த ஆள் தயாரா இருக்காங்களா? வாய்ஸ் நோட் அனுப்புங்க, பேர் சொல்ல வேண்டாம்னா சொல்ல வேண்டாம். அடுத்த வாரம் சந்திப்போம்.